‘சேர் சொன்னவர்’ என்றால் சட்டம் கேட்குமா?

“மகன் பொலிஸ் கொன்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். மேலதிகாரி பிழையான காரியம் ஒன்றைச் செய்யச் சொன்னால் மாட்டன் எண்டு சொல்லலாமோ? சொன்னால் வேலை போயிடுமோ?” சுன்னாகம் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அம்மா, முதல் கேள்விக்குப் பதில்: சொல்லலாம். சில இடங்களில் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் மறியலுக்குப் போவது உங்கள் மகன். இரண்டாவது கேள்விக்கு: வேலையைப் பறிப்பது லேசான காரியம் அல்ல, ஆனால் மொனராகலைக்கு இடமாற்றம் வருவது லேசு. இனி விளக்கமாகச் சொல்கிறேன்.

இலங்கைப் பொலிசாரின் அடிப்படைச் சட்டம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அதன் 56ஆம் பிரிவில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் கடமைகள் வரிசையாக இருக்கின்றன. குற்றத்தைத் தடுத்தல், அமைதியைக் காத்தல் என்று போகும் அந்த வரிசையின் கடைசியில்தான் கீழ்ப்படிதல் வருகிறது. அங்கும் ‘மேலதிகாரி சொன்னதைச் செய்’ என்று எழுதியில்லை. தகுதிவாய்ந்த அதிகாரி சட்டப்படி பிறப்பித்த கட்டளைகளையும் பிடியாணைகளையும் தாமதமின்றி நிறைவேற்ற வேண்டும் என்றுதான் இருக்கிறது. ‘தகுதிவாய்ந்த’, ‘சட்டப்படி’ என்ற இரண்டு சொற்களையும் உங்கள் மகன் பயிற்சிக் கல்லூரிக்குப் போகும் முன்னரே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டு “அந்தப் பொடியனை விடு, இவனைப் பிடி” என்று சொல்லும் பாராளுமன்ற உறுப்பினர் தகுதிவாய்ந்த அதிகாரி அல்ல. அவருடைய பேச்சு கட்டளையே அல்ல, ஆகவே அங்கே ‘மறுப்பது’ என்ற கதைக்கே இடமில்லை.

அடுத்தது தண்டனைச் சட்டக்கோவையின் 69ஆம் பிரிவு. சட்டம் தன்னைக் கட்டுப்படுத்துகிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பி ஒருவர் செய்த செயல் குற்றமாகாது என்று அது பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்த நம்பிக்கை, நடந்த விடயத்தைப் பற்றிய பிழையால் வந்ததாக இருக்க வேண்டும். சட்டம் தெரியாத பிழையால் வந்திருந்தால் பாதுகாப்பு இல்லை. நீதிமன்றம் ஒருவரைப் பிடிக்கச் சொல்ல, தக்க விசாரணை செய்தபின் இன்னொருவரை அவரென்று நம்பிப் பிடித்துவிட்ட அலுவலர் குற்றவாளி இல்லை என்பது சட்டமே தரும் உதாரணம். யாழ்ப்பாணத்தில் இது அடிக்கடி வரக்கூடியது. ஒரே கிராமத்தில் எஸ். சிவகுமார் மூன்று பேர் இருப்பார்கள். பிடியாணையில் உள்ள முழுப்பெயர், தகப்பன் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகும் பிழை நடந்தால் அது விடயப் பிழை, சட்டம் காக்கும். “ஆளைப் பிடிக்க முடியேல்லை, தம்பியைக் கொண்டு வா, அவன் தானாக வருவான்” என்று பொறுப்பதிகாரி சொல்லி, அதன்படி தம்பியைக் கொண்டுவந்தால் அது விடயப் பிழை அல்ல. குற்றமே சுமத்தப்படாத ஒருவரைப் பணயமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தது சட்டப் பிழை. அந்தக் கைதுக்கு உங்கள் மகனும் பொறுப்பு.

ஆகவே ‘எனக்குச் சரியெனப் படவில்லை’ என்பது அளவுகோல் அல்ல. இதில் பலர் சறுக்குகிறார்கள். மனச்சாட்சிதான் அளவுகோல் என்று வைத்தால், தன் இனத்தவன் கடை எரிக்கும்போது பார்த்துக்கொண்டு நின்ற பொலிஸ்காரனும் தன் மனச்சாட்சியைத்தான் கேட்டேன் என்பான். 1981இல் யாழ்ப்பாண நூலகத்துக்கு நெருப்பு வைத்தவர்களிலும் சீருடைக்காரர் இருந்தார்கள். தாங்கள் செய்தது சரியென்றே அவர்கள் நினைத்திருக்கக்கூடும். இந்தக் கட்டளையை நிறைவேற்றினால் நான் செய்வது குற்றமா, ஒருவருடைய அடிப்படை உரிமையை மீறுவதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சில கட்டளைகளில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அதில் முதலாவது அடி. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சட்டத்தின் 3ஆம் பிரிவு, மேலதிகாரியின் கட்டளை எதிர்வாதம் ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. போர், அவசரகாலம், உள்நாட்டுக் குழப்பம் என்ற சாட்டுகளும் எடுபடா. தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டுக்கு மேற்படாத சிறை. அதோடு 10,000 முதல் 50,000 ரூபாய் வரை தண்டம். ஏழு ஆண்டு என்பது கீழெல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2011இல் சுன்னாகம் பொலிசார் பிடித்த இளைஞர் ஒருவர் தடுப்பில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். உடலை இரணைமடுக் குளத்தில் போட்டிருந்தார்கள். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் பொலிஸ் உத்தியோகத்தர்களுக்குப் பத்து ஆண்டுச் சிறை விதித்தது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிசாரின் பிடியில் இருந்த சித்தங்கேணி இளைஞர் இறந்தபோதும் பொலிஸ் உத்தியோகத்தர்கள் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும், கயிறு எடுத்துக் கொடுத்தவரும் இப்படியான வழக்குகளில் சந்தேகநபர்களே.

ஆளைக் காணாமலாக்குவதும் அப்படித்தான். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதைத் தனிக் குற்றமாக்கியது. அதற்கு மூலமான சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றது. அதன் 23ஆம் உறுப்புரை, இப்படியான கட்டளையை மறுப்பவரைத் தண்டிக்கக்கூடாது என்று அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் 1998இல் மரண தண்டனை பெற்ற படையினர் ஒருவர், தாங்கள் மேலிடம் சொன்னபடி உடல்களைப் புதைத்தவர்களே என்று நீதிமன்றத்தில் சொன்னார். செம்மணிப் புதைகுழி என்ற பெயர் உலகுக்குத் தெரிந்தது அந்த வாக்குமூலத்தால்தான். தண்டனை மட்டும் மாறவில்லை.

இவை பெரியவை; பயிற்சியிலும் சொல்லித் தருவார்கள். ஒரு கொன்ஸ்டபிளின் வாழ்க்கையில் நூறு தடவை வருவது வேறு வகை, சின்னது போலத் தெரிவது: புத்தகத்தில் எழுதுவது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு ஒருவரைப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். “இப்ப போட வேண்டாம், நாளைக்குக் காலமை எட்டு மணிக்குப் பிடிச்சதாப் போடு” என்கிறார் பொறுப்பதிகாரி. காரணம் எளிது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்துக்குள் ஆளை நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பதினான்கு மணித்தியாலத்தை விழுங்கினால் ஓர் இரவு மேலதிகமாகக் கிடைக்கும். அந்த இரவில் நடப்பது எதுவும் எந்தப் புத்தகத்திலும் இராது. ஆள் செத்துவிட்டால், அந்தப் பதிவில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று முதலில் பார்ப்பார்கள். அது பொறுப்பதிகாரியுடையதாக இராது.

பொய்யான பதிவு போடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 189ஆம் பிரிவின்படி சாட்சியம் புனைதல் ஆகலாம். இருக்கும் சாட்சியத்தை மறைத்தால் 198. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டிச் சந்திக்கருகில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தது விபத்து என்றே முதலில் வெளியே வந்தது. பிரேத பரிசோதனையில்தான் துப்பாக்கிச் சூடு தெரிந்தது. ஐந்து பொலிசார் கைதானார்கள். அறிக்கையை யார் எப்படி எழுதினாலும் சட்ட வைத்திய அதிகாரியின் மேசையில் உண்மை கிடக்கும் என்பதை உங்கள் மகன் மறக்கக்கூடாது.

இதே வகையில் இன்னும் சில உண்டு. போதைப்பொருளின் நிறையைக் கூட்டிப் போடச் சொல்வது: சில கிராம் வித்தியாசம் ஒருவரைப் பிணையிலிருந்து ஆயுள் தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ கொண்டுபோய்விடும். புருஷன் அடிக்கிறான் என்று வந்த பெண்ணின் முறைப்பாட்டைப் பதியாமல் “சமாதானமாப் போகச் சொல்லி அனுப்பு” என்பது. தமிழ் மட்டும் தெரிந்தவரின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கச் சொல்வது. கடைசியாகச் சொன்னதை வடக்கில் பலர் பிழையென்றே நினைப்பதில்லை, வழக்கமாகிவிட்டது. எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து நீதிமன்றத்தில் நிற்காது. குறுக்கு விசாரணையில் கூண்டில் நின்று வேர்க்கப்போவது அதை எழுதியவர்.

இனி மறுபக்கம். பிடிக்காத கட்டளை எல்லாம் சட்டவிரோதமான கட்டளை அல்ல. தமிழ்ப் பொலிஸ்காரருக்கு இது வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும்: செப்டெம்பரில் திலீபன் நினைவு, நவம்பரில் மாவீரர் நாள், மே மாதத்தில் முள்ளிவாய்க்கால். பொலிசார் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் நீதவானிடம் தடை கேட்பார்கள். சில வருடம் கிடைக்கும், சில வருடம் மறுக்கப்படும். நீதவான் தடை போட்டிருந்தால், மனம் எவ்வளவு கனத்தாலும் அது சட்டப்படியான கட்டளை. நிறைவேற்ற முடியாது என்றால் வேலையை விடலாம். சீருடையோடு நின்று மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டளையின் பிரதியைக் கேட்டு வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும். யாருடைய பெயர் இருக்கிறது? எந்த இடம்? எத்தனையாந் திகதி வரை? நாலு பேருக்கு எதிரான தடையை வைத்துக்கொண்டு, ஒரு தாய் தன் வீட்டு முற்றத்தில் ஏற்றிய சுட்டி விளக்கை அணைக்கச் சொன்னால், அந்தச் சொல் நீதவானுடையது அல்ல. அங்கே கேள்வி கேட்க இடமிருக்கிறது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் இப்படித்தான். 9ஆம் பிரிவின் கீழ் முறையாக வந்த தடுப்பாணை இருந்தால், அந்தச் சட்டம் கொடுமையானது என்று நினைத்தாலும் வாசலில் காவல் நிற்கும் கொன்ஸ்டபிள் கதவைத் திறந்துவிட முடியாது. உள்ளே அடிக்கச் சொன்னால் மறுக்கலாம். அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அடிக்க அனுமதிக்கவில்லை. சட்டமே அநியாயமாகி, அதையே மீறினவர்களும் இருக்கிறார்கள். சுவிற்சர்லாந்தின் சென் காலன் பொலிஸ் தலைவர் பவுல் குறூனிங்கர் 1938, 39இல் எல்லையில் வந்த யூத அகதிகளைத் திருப்பி அனுப்பாமல், வந்த திகதியை முன்னைய திகதியாக மாற்றிப் போட்டு உள்ளே விட்டார். 1939இல் வேலை போனது, 1940இல் தண்டம், 1972இல் வறுமையில் செத்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று சொன்னது 1995இல். அவர் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது வேறு கணக்கு: விலை முழுவதையும் தானே கட்டத் தயாரானவரின் கணக்கு. அதைப் பொலிசில் சேரப்போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு விதியாகச் சொல்ல மாட்டேன்.

கூட்டத்தின் மீது சுடச் சொல்லும் கட்டளை எல்லாவற்றிலும் கடினமானது. யோசிக்கக் கிடைப்பது சில நிமிடம். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலையச் சொல்லும் அதிகாரம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி நீதவானுக்கு, அல்லது பரிசோதகர் தரத்துக்குக் குறையாத பொலிஸ் அதிகாரிக்கு. கலையச் சொல்வதும் சுடச் சொல்வதும் ஒன்றல்ல. ஐக்கிய நாடுகள் 1990இல் ஏற்ற சுடுகலக் கொள்கைகளின்படி உயிர் போகும் அல்லது கடுங்காயம் வரும் உடனடி ஆபத்து இருக்க வேண்டும், எச்சரிக்க வேண்டும், விலக நேரம் கொடுக்க வேண்டும். அதே கொள்கைகளின் 25ஆவது, சட்டவிரோதமாகச் சுட மறுப்பவருக்குத் தண்டனை கூடாது என்கிறது. 26ஆவது, கட்டளை வெளிப்படையாகச் சட்டவிரோதமானது என்று தெரிந்தும், மறுக்க வாய்ப்பிருந்தும் செய்தவர் கீழ்ப்படிதலைச் சாட்டாகச் சொல்ல முடியாது என்கிறது. 2022 ஏப்ரிலில் றம்புக்கணையில் எரிபொருளுக்காக நின்ற சனத்தின் மீது சுட்டு ஒருவர் இறந்தபோது, கட்டளையிட்ட சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகரோடு கீழுள்ள பொலிசாரும் கைதானார்கள்.

‘வெளிப்படையாக’ என்ற அந்தச் சொல் எங்கிருந்து வலுப்பெற்றது என்று பார்த்தால் 1956 ஒக்டோபர் 29க்குப் போக வேண்டும். இஸ்ரேலின் எல்லைப் பொலிஸ் அன்று அரபுக் கிராமங்களில் ஊரடங்கைத் திடீரென மாலை ஐந்து மணிக்கு முன்தள்ளியது. மீறுவோரைச் சுடு என்று கட்டளை. வயலிலும் வேலைத்தலத்திலும் இருந்தவர்களுக்கு விடயமே தெரியாது. கவ்ர் காசிம் கிராமத்தில் வீடு திரும்பிய 49 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே கட்டளை பக்கத்துக் கிராமங்களுக்குப் போன குழுக்களுக்கும் கிடைத்தது. அங்கிருந்த அதிகாரிகள் சனத்தை வீட்டுக்கு விரட்டினார்களே தவிர, இப்படிச் சுட்டுத் தள்ளவில்லை. 1958இல் தீர்ப்பெழுதிய நீதிபதி, சில கட்டளைகளுக்கு மேலே கறுப்புக்கொடி பறக்கும், அது சட்டம் படித்தவனுக்கு மட்டுமல்ல எவனுக்கும் தெரியும் என்ற கருத்தில் எழுதினார். தண்டனை பெற்றவர்கள் 1960க்குள் வெளியே வந்துவிட்டார்கள் என்பது அந்தக் கதையின் அசிங்கமான பாகம். ஆனாலும் ஒரே கட்டளையைக் கேட்ட இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாக நடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

சரி, எப்படி மறுப்பது? சத்தம் போட்டு, மற்றவர்களுக்கு முன்னால் மறுத்தால் மேலதிகாரிக்கு இறங்கிவர வழி இராது; பிறகு அது சட்டக் கேள்வியாக இல்லாமல் மரியாதைப் பிரச்சினையாகிவிடும். முதலில் கட்டளையைத் திருப்பிச் சொல்லிக் கேட்க வேண்டும்: “சேர், இவரைப் பிடிச்ச நேரத்தை நாளைக்கு எட்டு மணி எண்டு போடச் சொல்லுறீங்களோ?” பிழையான கட்டளை தெளிவான வசனமாக வாயில் வருவது அபூர்வம், “பாத்துச் செய்” என்றுதான் வரும். திருப்பிச் சொன்னாலே பாதிக் கட்டளைகள் ஆவியாகிவிடும். ஆவியாகாவிட்டால், எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கலாம். சிங்களத்தில் சொன்னது முழுதாக விளங்கவில்லை என்பது தமிழ் உத்தியோகத்தருக்கு உண்மையாகவே நியாயமான காரணம். அதன்பிறகும் வற்புறுத்தினால் குறுகிய வசனம் போதும்: “சேர், அது சட்டத்துக்கு மாறு, என்னால ஏலாது. வேற என்ன வேலையும் தாங்கோ.” அந்தக் கடைசி வசனம் முக்கியம். மறுப்பது ஒரு செயலை, கடமையை அல்ல. கோபத்தில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் கடமையை விட்டுப் போனதாக ஒழுக்காற்றுக் குற்றம் வரும். அதோடு நியாயமும் போய்விடும்.

பிறகு பேனை. அதே நேரத்தில் தன் குறிப்புப் புத்தகத்தில் திகதி, நேரம், இடம், சொன்னவரின் பதவி, சொன்ன சொல், அருகில் நின்றவர்கள், தான் சொன்ன பதில் எல்லாம் எழுத வேண்டும். ‘அநியாயம்’, ‘கொடுமை’ போன்ற சொற்கள் வேண்டாம். இடையில் வெற்று வரி விடக்கூடாது. விட்டால் பின்னர் சொருகியது என்பார்கள். அடுத்த நாள் எழுதிய குறிப்புக்குப் பாதி மதிப்பு, ஒரு கிழமை கழித்து எழுதியதற்குக் கால் மதிப்புக்கூட இல்லை. வெளியே போகச் சொன்னால் தகவல் புத்தகத்தில் பதிவு போடாமல் வாகனத்தில் ஏறக்கூடாது. 2023 டிசெம்பர் 31இல் வெலிகமவில் நடந்ததைப் பாருங்கள். கொழும்புக் குற்றப்பிரிவுக் குழு ஒன்று வெள்ளை வானில் போய் ஒரு ஹோட்டல் முன்னால் சுட்டது. உள்ளூர்ப் பொலிசார் அவர்களைக் குற்றக்கும்பல் என்று நினைத்துச் சுட, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் பொலிஸ் துவக்காலேயே இறந்தார். அப்போதைய பதில் பொலிஸ் மா அதிபர் உட்பட எட்டுப் பேரைக் கைது செய்ய 2025இல் மாத்தறை நீதவான் உத்தரவிட்டார்.

மறுத்தால் மட்டும் போதாத இடமும் உண்டு. “நான் அடிக்கேல்லை, வெளியில நிண்டனான்” என்பதை நீதிமன்றம் எப்போதும் ஏற்பதில்லை. 2003இல் சிறியாணி சில்வா வழக்கில், பயாகல பொலிஸ் பொறுப்பதிகாரி தன் கையால் அடித்தார் என்று நிரூபிக்கப்படாவிட்டாலும், தடுக்க வேண்டியவர் தடுக்காததால் பொறுப்பாளி என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கொன்ஸ்டபிளுக்கு அவ்வளவு பாரம் இல்லை. ஆனாலும் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வது, நீதவான் கேட்கும்போது மறைக்காமல் சொல்வது அவரால் முடிந்தவை. 2020இல் தூத்துக்குடி சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் இறந்தபோது, விடிய விடிய அடித்தார்கள் என்று விசாரணைக்கு வந்த நீதவானிடம் சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். இலங்கையில் இப்படிச் சாட்சி சொல்பவருக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காகிதத்தில் நல்ல சட்டம். சக பொலிஸ்காரனிடமிருந்து காப்பாற்றப் பொலிசையே அனுப்பும் இடத்தில்தான் இடறுகிறது.

இனி நீங்கள் பயப்படும் விடயம். இடமாற்றம், தொடர் இரவுக் கடமை, லீவு மறுப்பு, பதவி உயர்வில் இழுத்தடிப்பு: பழிவாங்கல் இந்த உருவங்களில்தான் வரும், ‘கட்டளையை மறுத்தாய்’ என்று எழுதி வராது. அப்படி எழுதினால் கட்டளை என்னவென்றும் எழுத வேண்டுமே. ஆகவே மறுத்த நாளே அல்லது அடுத்த நாளே பொறுப்பதிகாரிக்கு மேலேயுள்ள உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும், பதிவுத் தபாலில். பின்னர் வரும் இடமாற்றத்துக்கும் அந்தத் திகதிக்கும் உள்ள இடைவெளியே சாட்சி. ஒழுக்காற்று நடவடிக்கை வந்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு, அதற்கு மேல் நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபை. பொலிஸ்காரருக்கும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவம் தருகிறது. 126இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். ஆனால் அதற்கு ஒரு மாதந்தான் காலம். பலர் “பொறுத்துப் பாப்பம்” என்று ஐந்தாவது கிழமையில் சட்டத்தரணியிடம் போவார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை, அம்மா. மகன் அனுப்பும் கடிதங்களின் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் பொலிஸ் விடுதி அலுமாரியில் வைக்க விட வேண்டாம். உங்கள் வீட்டில், காணி உறுதி வைக்கும் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.